இரண்டு ஜெபக் குறிப்புகள்

இராயபுரம்,
வியாழக்கிழமை.

கர்த்தருடைய காவலில் ஐதராபாத்தில் தங்கியிருக்கும் என் அருமை மகள் ஷிஜிக்கு, அப்பா தேவப்பிரியம் எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

நீ கல்லூரி விரிவுரையாளர் பணியை விட்டு, மருந்து கண்டுபிடிக்கும் நிறுவனத்துக்குப் போன இந்த ஒன்பது மாதங்களில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது.

செவ்வாயன்று நீ தொலைபேசியில் சொன்னதை அம்மா என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நூற்று நாற்பது சேர்மங்களைத் தள்ளிய பிறகு, நீ செய்த காசநோய் மருந்து எலிகளின் ஈரலைக் கெடுக்கவில்லை என்றும், உன் வேலை நிரந்தரமாயிற்று என்றும். நம் கடையில் மீன்வலை நூல்கண்டுகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நெடுநாள் கழித்து மூச்சு முழுதாக வந்தது.

ஒன்றை உன்னிடம் மறைக்கலாகாது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் கொடுக்கும் ஜெபக் குறிப்பில், "கல்லூரியில் கற்பிக்கும் என் மகளுக்காக" என்றே இதுவரை எழுதிவந்தேன். நீ விலகியதைச் சபையாருக்குச் சொல்ல வெட்கப்பட்டேன். நம் போதகர் ஐயரும் நம்பி வாசித்தார்.

நேற்று நூல் வாங்க வந்த நம் சபை ரோசி, கடையில் நாலுபேர் கேட்கவே, "இன்னா அண்ணாச்சி, உனக்கு ரெண்டு பொண்ணா? ஞாயித்துக்கெழம டீச்சருன்னு படிக்கிறாங்கோ. வெள்ளிக்கெழம பொம்பளைங்க கூட்டத்துல மருந்து செய்ற பொண்ணுன்னு உன் வூட்டு அக்கா எழுதிக் குடுக்குது. நான் எந்தப் பொண்ணுக்கு முட்டி போட்டுகினு கீறேன்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, காசநோய் மாத்திரையால் தன் கணவர் தாமஸுக்கு ஈரல் கெட்டுக் கண் மஞ்சளாகிப்போனதைச் சொல்லி, தான் வேண்டிக்கொண்டதெல்லாம் மருந்து செய்கிற பெண்ணுக்குத்தான் என்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். ஆண்டவரிடமாவது ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டாமா என்று, அடுப்பை விட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

நான் எழுதும் வெண்பாவில் ஒரு சீரை மாற்றினால் தளை கெடும், மாற்றாவிட்டால் பொருள் கெடும். அதற்காக எத்தனையோ தாள்களைக் கிழித்தவன் நான். நீ நூற்று நாற்பது முறை கலைத்துக் கட்டியதும் அதே உழைப்பென்று அறியாமல், நீ கல்லூரியை விட்டதைத் தோல்வியென்று எண்ணினேன்.

இந்த ஞாயிறு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் குறிப்பு கொடுக்கவேண்டும். உன் வேலையை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, மகளே. நீயே ஒரு வரி எழுதி அனுப்பு. ஓரெழுத்தும் மாற்றாமல் என் கையால் எழுதிக் கொடுப்பேன். ஐயர் வாசிக்கும்போது எழுந்து நிற்பேன்.

உன் கைகளின் வேலையைக் கர்த்தர் காப்பாராக.

உன் வரிக்காகக் காத்திருக்கும்
அப்பா