வெளியாள் அடுப்பு

தம்பிக்கு,

டவுன்ஷிப்பில் காற்று மாசைப் பற்றி நடந்த கூட்டத்தில் கடைசி வரிசையில் நானும் இருந்தேன். நீ பார்க்கவில்லை.

"வெளியாளுங்க விறகடுப்ப வச்சிகினு பிளாக்கையே புகையாக்குறாங்க, சார்" என்றாய். மின்நிலையப் புகைபோக்கியைப் பற்றி யாரோ கேட்டார். "அதுக்கெல்லாம் டைம் குடுக்கணும்ங்க" என்று சிரித்தாய். மறுநாள் காலையே டவுன்ஷிப் ஆட்கள் வந்து உன் அண்ணியின் இட்லிக்கடை அடுப்பை இடித்துப்போட்டார்கள்.

விறகுப் புகை நல்லதென்று நான் வாதாடவில்லை. அவளே இருமிக்கொண்டுதான் ஊதுவாள். கேஸுக்கு மாற எங்களுக்கும் கொஞ்சம் டைம் கேட்டிருக்கலாம் நீ.

அதைவிட, வெளியாள் என்ற சொல் உன் வாயில் எப்படி வந்தது? நம் முந்திரித் தோப்பைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். எம்.ஏ. படித்திருந்தும் நான் ஒதுங்கி உன்னை அனுப்பினேன். நீ பர்மனென்ட் ஆனாய். நான் இன்றைக்கும் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட்.

"தம்பி வாய்தவறி சொல்லியிருக்கும், வுடுங்க" என்கிறாள் உன் அண்ணி. அவளுக்கு மனசு பெரிது. எனக்கு இல்லை.

பொங்கலன்று எங்கள் வாசலில் விறகு மூட்டித்தான் பானை ஏற்றுவோம். இந்த வருடம் நீ வராதே. புகை உனக்கு ஆகாது.

அண்ணன்