புது மெஷின் வந்த பிறகு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். போனில் பேச வந்தால் "ஒரு நிமிஷம்ப்பா" என்று போய்விடுகிறாய், அதனால் எழுதுகிறேன். கண் ஆபரேஷனை மறுபடியும் தள்ளிப் போட்டுவிட்டேன். கூட ஆள் இருந்தால்தான் செய்வோம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு டெய்லர், "நான் வரேன் சார், ஒரு நாள் கடைய மூடினா குடியா முழுகிடும்" என்றார். என் பெண் வருவாள் என்று நான்தான் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

உன் வெள்ளக் கணக்கு முடிந்ததும் வருகிறேன் என்றாய். மழை கொட்டினால் ஊரில் எங்கே தண்ணீர் நிற்கும் என்று பார்க்கும் கணக்கு கம்ப்யூட்டரில் ராத்திரி முழுக்க ஓடுகிறது, வேகமான மெஷின் வந்தால் அரை மணியில் முடிந்துவிடும் என்றாய். நானும் உன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றி வைத்தேன். மெஷின் வந்தது, உன் ஆபீஸில் நீங்கள் எல்லாரும் தெருத் தெருவாகப் பார்க்க ஆரம்பித்தீர்கள், பழையபடி ராத்திரி முழுக்க. அதைவிடப் பெரியது வந்தது, இப்போது ஒவ்வொரு வீட்டு வாசற்படியும். தினமும் காலையில் விடையைப் பார்த்து அடுத்ததைப் போட நீ அங்கே இருந்தாக வேண்டும். குறையாகச் சொல்லவில்லை, வீட்டுக்காரனுக்கு அவன் வாசற்படிதானே பெரிது. நானே வாஷிங் மெஷின் வாங்கினால் வேலை மிச்சம் என்று நினைத்தேன், இப்போது அழுக்கே ஆகாத திரைச்சீலையை எல்லாம் துவைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்றே சில நாள் போடுகிறேன். தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறதம்மா, இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நான் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஓட்டிய காலத்தில் ஒரு கணக்கைக் கொடுத்தால் விடை வர நாலைந்து நாளாகும். அது பாட்டுக்கு ஓடும், நாங்கள் வீட்டு வேலையைப் பார்ப்போம். நீ பிறந்ததே அப்படி ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோதுதான், மேலதிகாரி என்னைத் தேடக்கூட இல்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். இன்னும் பெரிய கேள்வியாக, அந்தப் புது மெஷினே பத்து நாள் மூச்சு வாங்குகிற மாதிரி ஒன்றைக் கொடுத்து ஓடவிட்டுவிட்டு நீ வண்டி ஏறு.

நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. ராத்திரி கண் விழிப்பதைக் குறைத்துக்கொள். அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கிவிட்டேன், துணைக்கு வருவது மகள் என்று நர்ஸிடம் சொல்லியும் ஆகிவிட்டது. என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா