பத்து நாள் வேலி

மகாபலிபுரம்
2-12-1974

அன்பு மகன் கியாசுதீனுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகளும் பேத்தி பதருன்னிசாவும் டெல்லிக் குளிரில் நோய்நொடியின்றி இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். என்னைப் பொறுத்தவரை உடம்பும் புத்தியும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இதை முதலிலேயே எழுதக் காரணம், செங்கல்பட்டிலிருந்து உன் மாமா ரஹ்மத்துல்லா டிரங்க் கால் போட்டு, உங்கள் நாடக விழா ஆபீஸ் குமாஸ்தா வரதனை நான் செருப்பால் அடித்தேன் என்றும் அவன் கொண்டுவந்த காகிதத்தைக் கிழித்துக் கடலில் போட்டேன் என்றும் உன்னிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடிக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே நிற்க வைத்தேன், டீ கொடுக்கவில்லை, அவ்வளவுதான். காகிதமும் கிழியவில்லை, இதோ என் மேசையில் உன் வாப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், ஆபீசில் வைத்து மேலோட்டமாகப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து படி.

போன வருஷம் இதே மாதம் நீ எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பல தேசத்து நாடகக்காரர்கள் ஓர் ஊரில் கூடினால் அந்த ஊருக்கு என்னென்ன வரும் என்று நாலு பக்கம் எழுதியிருந்தாய். ரோடு வரும், விளக்கு வரும், கல் தச்சர்களின் வேலை வெளிதேசம் போகும், பார்க்காததைப் பார்த்து ஊர்க்காரர்களின் மனசு விரியும் என்றாய். விழாவுக்கு நீயே செயலாளர் என்பதால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அரங்கம் போட, குப்பத்து ஆட்கள் கட்டுமரம் ஏற்றி வைக்கும் மணலைப் பத்து நாளைக்கு வேலி போட்டுக் கொடுக்க வேண்டும், சம்மதக் காகிதத்தை நீங்களே வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்கித் தாருங்கள் உம்மா, நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள் என்றும் எழுதினாய். அவர்கள் மனுவெல்லாம் எழுதிக் கொடுப்பவள் நான், அதனால் கேட்டார்கள். அப்பாசாமிதான் முதலில் வைத்தான், வலை விஷயமாக மனு எழுத நம் வீட்டுக்கு வருவாளே வேண்டா, அவள் புருஷன். “பத்து நாளுதான சாய்பு வூட்டம்மா, இவ கோச்சிகினு ஆத்தா வூட்டுக்குப் போனாலே பாஞ்சு நாளு ஆவுது” என்றான். “போனாத்தான் நீ சோறாக்கக் கத்துக்குவே” என்று வேண்டா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நாற்பத்தேழு ரேகைகள். கான்வென்ட்டில் படித்தவள் இல்லையா, அந்தக் காகிதத்தில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன். இவர்கள் பக்கம் நாற்பத்தேழு பேர் வைத்திருக்க, உங்கள் விழாக் கமிட்டி பக்கம் ஒரு கையெழுத்துக்கூட இல்லை என்பதை நான் பார்க்கவில்லை. என் ஆயுசில் நான் செய்த பெரிய பிழை அதுதான், அதை யார் மேலும் தள்ள மாட்டேன்.

ஜனவரியில் விழா நன்றாக நடந்தது, நியாயத்தைச் சொல்ல வேண்டும். ரோடு வந்தது, ஏழு விளக்குக் கம்பம் வந்தது, பூவாயியின் சுண்டலை வெள்ளைக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். போலந்து தேசத்து ஆட்டக்காரர்கள் இருவர் படகும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் வெறும் மேடையில் ஒரு துடுப்பை மட்டும் வைத்துக் கடலைக் கடந்தார்கள், குப்பம் வேலிக்கு வெளியே மணலில் உட்கார்ந்து பார்த்தது. அப்பாசாமிதான் சத்தமாக, “இன்னாடா இவன் துடுப்பைத் துடப்பக்கட்டையாட்டம் புடிச்சிகினு கீறான், இவன் எந்தக் காலத்துல கரை ஏறுவான்” என்றான். அது யார் மூலமோ துடுப்புப் பிடித்த அந்த நடிகர் காதுக்குப் போய், அவர் மறுநாள் காலையில் குப்பத்துக்கே தேடிவந்து அவனிடம் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டார், நான்தான் நடுவில் நின்று இங்கிலீஷில் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் மேடையில் சரியாகப் பிடித்தார், குப்பம் எழுந்து நின்று கை தட்டியது. ஊருக்கு வந்ததிலெல்லாம் பெரியது அதுதான் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பத்து நாள் முடிந்தது, வேலி போகவில்லை. அடுத்த வருஷமும் விழா உண்டு, அதற்காக விட்டு வைத்திருக்கிறோம் என்றார்கள். காவல்காரனைக் கேட்டால், “டெல்லி ஆர்டர் இல்லாம ஒரு கம்பியக்கூடத் தொட முடியாதும்மா” என்றான். உனக்கு இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் உன் மாமா வீட்டு டெலிபோனில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். கட்டுமரங்கள் எல்லாம் தெற்கே பாறைப் பக்கம் கரையேற ஆரம்பித்தன. ஐப்பசிக் கடைசியில் கடல் கொந்தளித்த அன்று மற்றவர்கள் எப்படியோ ஏறிவிட்டார்கள், அப்பாசாமியின் மரம் பாறையில் மோதியது. மூன்றாம் நாள் சதுரங்கப்பட்டினத்தில் ஒதுங்கினான். நான் துக்கம் கேட்கப் போனபோது வேண்டா என் முகத்தைப் பார்த்து, “பத்து நாளு இன்னும் முடியலியாம்மா” என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையெழுத்து இல்லாததை நான் பார்க்கவில்லை என்று அவளிடமே சொல்லிவிட்டேன். “நாங்க இன்னாத்தக் கண்டோம், நீ படிச்சே, நாங்க வெச்சோம்” என்றாள்.

இது நடந்து பதினேழாம் நாள் வரதன் வருகிறான், கையில் வரும் ஜனவரிக்குப் புதுச் சம்மதக் காகிதமும் விழாப் புத்தகமும். அட்டையில் அப்பாசாமி துடுப்போடு நிற்கிறான், அந்த நடிகர் எடுத்த படமாம், அவன் முகம் உள்ள ஒரே படம். கீழே ‘உள்ளூர் மீனவர்’ என்று போட்டிருக்கிறீர்கள், பெயர் இல்லை. காகிதத்தில் மட்டும் அவன் பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது. இவன் ரேகையை யார் வைப்பது என்று கேட்டேன். “பொஞ்சாதி வெச்சாலும் செல்லும்மா, கட்டத்துல ரேகை கீதான்னுதான் பார்ப்பாங்க” என்றான். அப்போதுதான் அவனை வாசற்படிக்கு வெளியே போகச் சொன்னேன். குரல் உயர்ந்தது உண்மை. அடிக்கவில்லை.

நீ வேண்டுமென்று செய்தாய் என்று நான் நினைக்கவில்லை கியாசுதீன். மறந்துவிட்டாய். மறந்தவனுக்கும் செய்தவனுக்கும் வேண்டாவிடம் நான் என்ன வித்தியாசம் சொல்வது? உன் வாப்பா முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் இருந்தார், ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே நடக்க முடியாத நாள் அவருக்கு வந்ததில்லை. எனக்கு வந்துவிட்டது. கடைத்தெருவுக்கு நான் குப்பத்து வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

மருமகளுக்கு இருமல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாள், சுக்கும் மிளகும் தட்டி அனுப்புகிறேன், வெந்நீரில் போட்டுக் குடிக்கச் சொல். பதருன்னிசா எனக்குத் தமிழிலேயே எழுதட்டும், பிழை இருந்தாலும் பரவாயில்லை. பக்ரீத்துக்கு வருவதாகச் சொன்னாய், வா, ஆனால் நீ வருவதற்கு முன் உன் கடிதம் வர வேண்டும். அல்லாஹ் உங்கள் எல்லாரையும் நேரான வழியில் வைத்துக் காப்பானாக.

மேசையில் இருக்கும் காகிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டப் போவதில்லை. வேலியை எந்தத் தேதியில் எடுப்பீர்கள், மணலை எப்போது திருப்பிக் கொடுப்பீர்கள், படத்துக்குக் கீழே அப்பாசாமி என்று எப்போது போடுவீர்கள், இந்த மூன்றையும் உன் கையெழுத்தும் ஆபீஸ் முத்திரையும் போட்டு எழுது. குப்பத்தில் எல்லாரையும் கூட்டி அதை வாசிக்கிறேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது, அதையும் நானே போய் வாசிக்கிறேன். டெலிபோன் வேண்டாம், மாமாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுத்தில் பதில் போடு.

உன் உம்மா
ஜெய்புன்னிசா