தம்பியின் தலையில் வைத்த கை

வியாழன் இரவு

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் ஜெனிஸ்ரா எழுதிக்கொள்வது. "நான் நல்ல சுகம், உங்கள் சுகத்தை அறிய ஆவல்" என்று தொடங்கத்தான் ரீச்சர் பழக்கியவர். அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

இதைத் தம்பியின் சித்திரக் கொப்பிக்குள் வைக்கிறேன். காலையில் அப்பா சாப்பாட்டுப் பையோடு கொப்பியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார். அவர் அதைத் திறக்க மாட்டார். தம்பி படம் கீறக் கேட்கும்போது நீங்கள்தான் திறப்பீர்கள். வாசித்து முடியும்வரை முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள் அம்மா.

தம்பிக்கு மழையில் நனைந்துதான் காய்ச்சல் என்று அப்பா டொக்டரிடம் சொன்னது பொய்.

நீங்கள் பெரியம்மா வீட்டு வயலில் நெல் அருவி வெட்டுக்கு நறுவிலிக்குளம் போயிருந்தபோது நடந்தது இது. சனிக்கிழமை விடியக் களப்புக் கரைக்குப் போன அப்பா, உரப்பை நிறையக் காட்டுத் தாராக்களோடு வந்தார். மாரியில் தூர தேசத்திலிருந்து வருமே, ஊசி வால் தாரா, அதுதான். பதினொன்று. "வலையும் இல்லை, வெடியும் இல்லை பிள்ளை, கையால பொறுக்கினனான். ஒண்டும் பறக்கேல்ல. ஆண்டவர் பாத்து அனுப்பினது" என்று சிரித்தார். போன வருசம் வலையோடு பிடிபட்டு, வழக்காகிக் கோட்டுக்குப் போய் வந்த பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. அதன் கழுத்து முறுகி, கண் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. கீழே விட்டால் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தது. "அக்கா, இது டான்ஸ் ஆடுது பாருங்கோ" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அதை மடியில் வைத்துக் கையால் தண்ணீர் பருக்கினான். சொண்டில் வழிந்ததைத் தன் சேட்டால் துடைத்தான். மற்றவற்றுக்கு நானும் அவனும்தான் இறகு பிடுங்கினோம். பொழுதுபடும் நேரம் அது அவன் மடியிலேயே செத்துப்போனது. அவன் அழுதான். அப்பா அதையும் கறிக்கு வெட்டினார்.

பிறகு அப்பா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது. கொம்மாவுக்கும்தான். வனசீவராசிக்காரருக்குத் தெரிஞ்சால் இந்த முறை என்னை மறியலில பூட்டிப்போடுவினம்" என்றார். என் கையைப் பிடித்துத் தம்பியின் தலையில் வைத்துச் சத்தியம் பண்ணு என்றார். பண்ணினேன். என் உள்ளங்கையின் கீழே அவன் தலைமயிரில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை விஞ்ஞான ரீச்சர் பேப்பரில் வந்ததை வாசித்துக் காட்டினார். காட்டுத் தாராக்களுக்கு ஒரு காய்ச்சல் வருமாம். அது மூளையைப் பிடித்தால் பறக்க முடியாமல் கழுத்து முறுகிச் சுற்றுமாம். தொட்ட மனிதருக்கும் சில வேளை தொற்றுமாம். காய்ச்சல் வந்தால் பறவையைத் தொட்டதை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டுமாம். "இனித் தாராவுக்கும் மாஸ்க் போட்டு விடோணும் ரீச்சர்" என்று டிலோஜினி சொல்ல வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். என் முகத்தை ஒருவரும் பார்க்கக் கூடாது என்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது தம்பி பாயில் சுருண்டு கிடந்தான்.

டெங்கு இல்லை என்று இரத்தத்தில் வந்துவிட்டதாம். அப்படியென்றால் டொக்டர் எதைத் தேடுவார் அம்மா? அவருக்குத் தாராவைத் தெரியாதே.

களப்பில் இப்போது சத்தமே இல்லை. இந்த நாட்களில் அதுகளின் இரைச்சலில் நாங்கள் நித்திரை கொள்ள மாட்டோமே, அந்த இரைச்சல் இல்லை. இடைக்கிடை தண்ணீரில் ஏதோ ஒன்று ஒரே பக்கமாக அடித்து அடித்து ஓய்கிறது. கரையில் செத்துக் கிடப்பவற்றைக் காகங்கள் கொத்தின. நேற்று ஒரு காகமும் எங்கள் வேலியடியில் கழுத்து முறுகிச் சுற்றியது. அந்தத் தாராவை மூடி வைத்த கூடை வெறுமையாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் உள்ளே நகரும் சத்தம் எனக்குக் கேட்கிறது.

அப்பாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. இப்போதும் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்கிறது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறார், திரும்பத் திரும்பக் கழுவுகிறார். அவரோடு சண்டை பிடிக்காதீர்கள்.

சொன்னால் சத்தியம் தம்பியைப் பிடிக்கும். சொல்லாவிட்டால் காய்ச்சல் பிடிக்கும். மூன்று இரவு இதையே யோசித்தேன். நேற்று அந்தோனியார் படத்துக்கு முன்னால் என் கையை என் தலையில் வைத்து, முறித்த பாவம் எனக்கு வரட்டும், அவனை விட்டுவிடும் என்று கேட்டுக்கொண்டேன்.

டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சனிக்கிழமை என்று சொல்லுங்கள். மடியில் வைத்திருந்ததையும் சொண்டைத் துடைத்ததையும் சொல்லுங்கள். அப்பாவை மறியலில் போட்டால் நாங்கள் போய்ப் பார்க்கலாம் அம்மா. மறியலில் இருப்பவரைப் பார்க்க விடுவார்கள்.

நான் இன்று பள்ளிக்கூடம் போகவில்லை என்று அப்பா சொன்னால் பயப்பட வேண்டாம். என் கோப்பையையும் பாயையும் குசினிப் பக்கம் வேறாக வைத்திருக்கிறேன். என்னைப் பார்க்க ஓடி வராதீர்கள். என்னையும் தொட்டவள் என்று டொக்டரிடம் சொன்னால் போதும். தாளில் இன்னும் இடம் இருக்கிறது. ஆனாலும் விட்டுவைத்த அந்த முதல் வரியை எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். டொக்டரிடம் போவதற்கு முன் தம்பியின் தலையில் உங்கள் கையை வைத்து, அக்காவின் சத்தியத்தை எடுத்துவிட்டேன் என்று சொல்லுங்கள். நான் வைத்த இடத்திலேயே, உச்சியில் வையுங்கள். நீங்கள் வைத்தால் என் கை அதில் நிற்காது. பிறகு சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள்.

உங்கள் மகள்,
ஜெனிஸ்ரா