அவருடைய குரலுக்கு வேறு ஆள்

ஒக்டோபர் 7, செவ்வாய்
விடிந்ததிலிருந்து மழை. வெள்ளவத்தைச் சந்தைக்குப் போகவில்லை. பருப்பும் அப்பளமும்.

சிங்களப் பட டைரக்டரிடமிருந்து இவருக்கு ஃபோன். களனித் தேநீர்க் கடைக்காரனாக நடித்தது பிரமாதமாம். ஆனால் சிங்களப் பேச்சில் தமிழ் வாடையாம். வெள்ளிக்கிழமை டப்பிங்குக்கு வேறு ஆள். முகம் இவருடையது, குரல் இன்னொருவருடையது!

முதலில் தானே ஒருமுறை பேசிப் பார்க்கலாமா என்று இவர் கேட்டார். டைரக்டருக்குச் சம்மதம்.

றேடியோ நாடகத்தில் மாமனார், மருமகன், தரகர் மூன்று பேரும் இவர்தான். கல்யாணமான புதிதில், கொட்டாஞ்சேனை மேடையில் பெண் வேஷம். "ஆர் பிள்ளை அந்த மனுசி?" என்று அம்மா என்னையே கேட்டா. அந்தக் குரலுக்கு வேறு ஆளா? எனக்குக் கோபம். அவருக்கு இல்லை. அதனால் இன்னும் கோபம்.

ஒக். 8, புதன்
காலையிலேயே களனி பஸ் ஏறிவிட்டார். குடை வீட்டில். மாலை தெப்பமாக நனைந்து வந்தார். பகல் முழுக்க ஒரு தேநீர்க் கடையில் இருந்தாராம்.

"அங்க என்னப்பா செய்தனீங்கள்?"

"கேட்டுக்கொண்டு இருந்தனான். கடைக்கார மனுசன் கடைசிச் சொல்லை விழுங்கிறான். நான் றேடியோ மாதிரி முழுசாச் சொல்லிப்போட்டன்."

ஆக, பிழை தமிழில் இல்லை. றேடியோவில்.

இருமல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

ஒக். 9, வியாழன்
குளியலறைக்குள் ஒரே சிங்களம். பக்கத்து ஃபிளாட் பெண் ஓடி வந்தாள். "அக்கா, உள்ள ஆரோ சிங்கள ஆள் சண்டை பிடிக்கிறாரோ?" சிரிப்பு அடங்கவில்லை. இவரிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"சண்டை மாதிரியோ கேட்டது? அது கெஞ்சிற இடமப்பா."

மறுபடி உள்ளே.

ஒக். 10, வெள்ளி
நானும் டப்பிங் ஸ்டூடியோவுக்குப் போனேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டைரக்டர், இவருக்குக் குரல் கொடுக்க வந்த இளம் டப்பிங் நடிகர், நான். உள்ளே இவர் தனியாக.

கடைக்காரனின் மகள் வீட்டை விட்டுப் போகிற காட்சி. தேநீர் ஆற்றிக்கொண்டே, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் தகப்பன். கடைசிச் சொல் வெளியே வரவில்லை. தொண்டைக்குள் போய்விட்டது. எனக்கே அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

டப்பிங் நடிகர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து இவரிடம் உள்ளே போனார். "மாவ ஓன நே, அங்கள்." தான் தேவையில்லையாம். இவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். டைரக்டர் அடுத்த காட்சியைப் போடச் சொன்னார்.

ஒக். 11, சனி
வெயில். பாரை மீன் வாங்கினேன்.

இன்னொரு படத்துக்குக் கேட்டு ஃபோன். பிணமாக நடிக்க வேண்டுமாம். ஒரு வசனமும் இல்லை. "ஓம்" என்றுவிட்டார்!

அப்போதிருந்து சோபாவில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டேன். அசைவில்லை. குழம்பு ஆறுகிறது.