தலைகீழ்க் கும்பிடு

உன் நீலச் சேலையிலிருந்து கிழித்த துணித்துண்டு இப்போது என் மேசையில் கிடக்கிறது. எத்தனை தடவை துவைத்தும் தைல வாசனை போகவில்லை. தேயிலைக் கொழுந்தெடுக்க மலை ஏறுமுன் நீ அதை என் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிவிடுவாய், உன் கையில் நான் கட்டிவிடுவேன். விரல் மரத்துப்போன பெண்கள் எல்லாரும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அப்படித்தான் செய்தோம். இறுக்கினால் வலி அடங்கும் என்று யாரோ சொன்னதை நாமும் நம்பினோம்.

அதைக் கழற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதுவும் வைத்தியம் செய்த வலது கையால். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள்.

உனக்குப் பெருவிரலும் பக்கத்து விரல்களும்தான் முதலில் மரத்தன. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருக்கிறாயா, விட்டுவிட்டாயா என்றே உனக்குத் தெரியாது. கொழுந்தின் நிறை குறைந்தது. கணக்கப்பிள்ளை உனக்கு அரைப்பேர் போட்டார். நாள் முழுக்க வெயிலிலும் மழையிலும் நின்றவளுக்கு அரைநாள் வேலைதான் செய்தாள் என்று பதிவு. தோட்டத்து டிஸ்பென்சரியில் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வீக்கமில்லை, காயமில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிறகு நாம் குடியிருந்த லயத்திலேயே உன்னை வேலைக்கள்ளி என்று பேச ஆரம்பித்தார்கள்.

"வெட்டுக் காயம்னா நம்புவாங்க புள்ள. உள்ளுக்குள்ள எரியுறத எப்படிக் காட்டுறது?" என்று கேட்டாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. நெஞ்சுவலி வந்து நீ போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கெட்ட பெயர் உன்னை விடவில்லை. சாவு வீட்டில்கூட ஒருத்தி அதை முணுமுணுத்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

உன் கையைப் போலவே மரத்திருந்த என் கை, நீ போன பிறகு எரியவும் தொடங்கியது; நீ கட்டிய துணியையே நான் தொடர்ந்து கட்டிக்கொண்டேன். என் மகள்தான் பிடிவாதமாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், சின்ன வயதுப் பெண். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்களைக் கீழே தொங்கவிட்டு, அப்படியே வைத்திருக்கச் சொன்னார். கும்பிடுவதைத் தலைகீழாகச் செய்தது போல இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே விரல் நுனிகளில் ஊசி குத்தியது. இது வாதமில்லை, மணிக்கட்டுக்குள்ளே நரம்பு நெரிபடுகிறது என்றார். பிறகுதான் அந்தத் துணியைக் கவனித்தார்.

"ஆர் அம்மா இப்பிடி இறுக்கிக் கட்டினது? இதால இன்னும் நெரிபடுமெல்லோ."

என் மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனியவில்லை. "தப்பாத்தான் கட்டியிருக்கா, செத்துப்போன என் கூட்டாளி. ஆனா என் வலிய நம்புன ஒரே ஆளு அவதான்," என்றேன். டொக்டர் கத்தரிக்கோலை எடுக்காமல் முடிச்சைத் தன் விரலாலேயே அவிழ்த்து, துணியை என் மடியில் வைத்தார்.

ஒப்பரேசன் என்றால் கையைப் பிளந்துவிடுவார்கள், அப்புறம் கொழுந்தெடுக்கவே ஏலாது என்று நீ பயந்தாயே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் நோயாளிகளைப் பார்க்கும் அதே அறையில்தான் செய்தார். கை மட்டும் மரத்துப்போக ஓர் ஊசி. ஸ்கேன் திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே, அரிசியளவு துளை வழியாக மெல்லிய கத்தியை விட்டு, நரம்பை நெரித்த பட்டையை வெட்டிவிட்டார். தையல்கூட இல்லை. நான் அவரோடு பேசிக்கொண்டே இருந்தேன். மத்தியான பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். சில கிழமைகள் கொழுந்துக்குப் போகக் கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பு.

அதற்குத்தான் வந்தது வம்பு. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் போய் லீவு கேட்டேன். கணக்கப்பிள்ளை என் மணிக்கட்டில் ஒட்டியிருந்த சின்னப் பிளாஸ்டரைப் பார்த்துச் சிரித்தார். "இம்புட்டுக்குப் போயி லீவா? நாளைக்கு மலைக்கு வா. நிறை கொறைஞ்சா அரைப்பேருதான்."

உன் கையில் நோய் தெரியவில்லை, என் கையில் வைத்தியமும் தெரியவில்லை. இரண்டுக்கும் அவரிடம் ஒரே பதில்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் நான் அவரிடம் கெஞ்சவில்லை. திரும்பி நம் ஆட்களிடம் கூடையை இறக்கச் சொன்னேன். புறங்கையை ஒட்டி விரலைத் தொங்கவிடுவது எப்படியென்று செய்து காட்டினேன். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகச் செய்தார்கள். சாவு வீட்டில் முணுமுணுத்தவளும் செய்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அவள்தான் முதலில், மரத்துப்போகுது என்றாள். அவளுக்குப் பின்னால் நிரை நிரையாக அதே சொல் வந்தது.

"பாத்துக்கங்க ஐயா," என்றேன். "வெளிய தெரியாத காயம் இப்படித்தான் இருக்கும்."

அவர் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. எனக்கு லீவு எழுதினார். விரல் மரத்த எல்லாரையும் பதுளைக்கு அனுப்பும்வரை நான் விடப்போவதில்லை என்பது அவருக்கும் புரிந்திருக்கும். நம் மணிக்கட்டுகளில் இப்போது துணி இல்லை.

அந்தப் பெரட்டில் காலமெல்லாம் கும்பிட்டுத்தான் நின்றோம். நீ கேட்டதற்கு என் பதில் அந்தத் தலைகீழ்க் கும்பிடுதான். தாமதம், தெரியும். இனி அந்த மலையில் எவளையாவது வேலைக்கள்ளி என்று சொல்ல வாய் எடுப்பவர்கள், முதலில் எனக்கு முன்னால் வந்து கையை அப்படி வைத்துக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.