படலையடியில் பிறந்த ஆங்கிலச் சொல்

சுன்னாகப் பள்ளிக்கூடத்தில் நீரும் நானும் ஆங்கிலம் படிப்பித்த சுகந்தி இப்போது கனடாவில் இருக்கிறாள். அவளுடைய மகள் தான் எழுதிய ஆங்கிலக் கட்டுரையொன்றை இன்று காலை என் கைபேசிக்கு அனுப்பியிருந்தாள். மூன்றாவது வரியில் நீர் உண்டாக்கிய ‘கேற்-ரோக்’ (gate-talk) இருந்தது. அதற்கு விளக்கம்கூட அவள் எழுதவில்லை. கறியும் கட்டுமரமும் போன வழியில் அதுவும் ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. நீர் இறந்து ஒரு வருடமாகியும் உம்மேல் எனக்கு நெஞ்சு எரிந்தது.

‘போட்டு வாறன்’ என்று விடைபெற்று எழும்பியவர்கள் வாசல் படலையடியில் நின்று அரைமணி நேரம் கதைப்பார்களே, அதற்கு ஆங்கிலத்தில் என்னவென்று ஒரு பிள்ளை கேட்டது. படலையையும் கதையையும் ஆங்கிலத்தில் ஒட்டி, நின்ற நிலையில் அந்தச் சொல்லைச் செய்து கொடுத்தீர். ஒரு கிழமையில் பள்ளிக்கூடம் முழுக்க அதுதான். நானும் வீட்டிலிருந்து யோசித்து, கறன்ற் வரும்வரை காத்திருப்பதற்கு ஒரு சொல் செய்தேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதினார்கள். ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

தவணைப் பரீட்சையில் சுகந்தி உம்முடைய சொல்லை எழுதியபோது சிவப்புப் பேனையால் வெட்டினேன். விடைத்தாளோடு வந்தீர்.

“என்னத்துக்கு உந்தச் சொல்லை வெட்டினீர்?”

“அகராதியிலை இல்லை.”

“முதல் சனம் கதைக்கும். அகராதி பிறகுதான் வரும்,” என்று சிரித்தீர்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் பள்ளி அதிபரிடம் போய், நீர் பிழையான ஆங்கிலம் படிப்பிப்பதாகச் சொன்னேன். உயர்தர வகுப்பை உம்மிடமிருந்து எடுத்து எனக்குத் தந்தார். யார் சொன்னதென்று நீர் கேட்கவேயில்லை. உம்முடைய குறிப்புகளை என் மேசையில் வைத்து, “பின் வாங்கிலை இருக்கிற பிள்ளையளையும் கதைக்க விடும்,” என்றீர். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் உம்மைப் பார்க்க வந்தபோதும் அதை நான் சொல்லவில்லை.

பின்னேரம் சுகந்தியின் மகள் தொலைபேசியில் கேட்டாள். “ரீச்சர், உந்தச் சொல்லு நீங்கள் உண்டாக்கினதோ? அம்மாவுக்கு வடிவா ஞாபகமில்லையாம்.”

‘ஓம்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. மறுக்க இனி ஆளில்லை. ஆனாலும் உம்முடைய பெயரைச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. எழுத்தெழுத்தாகச் சொன்னேன், எழுதிக்கொண்டாள்.

அதிபரிடம் போனது நான்தான். இதை அவளிடம் சொல்லவில்லை, உமக்குத்தான் எழுதுகிறேன். எழுதியும் மனம் இலேசாகவில்லை. அந்தச் சொல் என்னுடையதாக இருந்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நாளைக்கும் அதே நினைப்போடுதான் எழும்புவேன்.